இரும்புக்குக் கறுப்பேற்றும் தொழில்: பிழைகளும் பரிகாரமும்

(ஊராட்சி ஒன்றியக் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



விதையையும் உரத்தையும் கிணற்றையும் சாலையையும் குறித்துப் பேசுவதே என் போன்ற அலுவலர்களின் வழக்கம். இன்று ஒரு பட்டறை விஷயத்தை எடுத்துக்கொண்டதைக் கண்டு தாங்கள் வியப்படையலாம். கோயம்புத்தூரைச் சுற்றியுள்ள பல கிராமங்களைப் போலவே நம் வட்டாரத்திலும் தோட்டத்து வீடுகளை ஒட்டி லேத்துப் பட்டறைகள் தோன்றியுள்ளன. பம்புக்கும் மோட்டாருக்கும் டிராக்டருக்கும் வேண்டிய போல்ட்டு, நட்டு, ஊசி, தகடு முதலிய சில்லறைச் சாமான்கள் அங்கே தயாராகின்றன. அவற்றுக்குக் கறுப்பேற்றும் தொட்டிகளும் ஊருக்குள் வந்துவிட்டன. தொழிலாளர் 'பிளாக்கடைசிங்' என்று சொல்லும் வேலை இதுதான். தங்கள் பிள்ளைகள் பலர் அத்தொட்டியின் அருகில் நிற்கிறார்கள். அங்கிருந்து வெளியேறும் நீர் தங்கள் கிணறுகளுக்கு அருகில் ஓடுகிறது. ஆகவே இது ஊராட்சியின் காரியமுமாகிறது.

கறுப்பேற்றுதல் என்பது வண்ணம் பூசுவதன்று. இரும்பின் மேற்பரப்பே பிராணவாயுவுடன் கூடி, மாக்னடைட் என்னும் கரிய ஆக்சைடாக மாறுகிறது. காந்தக்கல் என்று நாம் அறிந்த பொருளும் இதுவே. நம் ஊர்க் கொல்லர், காய்ச்சிய இரும்பை எண்ணெயில் தோய்த்துக் கறுப்பாக்குவதைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். பட்டறையில் உலைத்தீக்குப் பதிலாக உப்புக் கரைசல் அவ்வேலையைச் செய்கிறது. எரிசோடாவைப் பெரும்பங்காகவும், சோடியம் நைட்ரேட், நைட்ரைட் ஆகியவற்றைச் சிறுபங்காகவும் நீரில் கரைத்து, ஏறத்தாழ 140 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்க வைத்து, சாமான்களைப் பத்து முதல் முப்பது நிமிடம் வரை அதில் அமிழ்த்துவார்கள். உண்டாகும் கறுப்புப் படலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு கனமே உள்ளது. சாமானின் அளவு மாறுவதில்லை, மரை இறுகுவதில்லை. இயந்திர உறுப்புகளுக்கு இம்முறையை விரும்புவதன் காரணம் அதுவே.

இத்தனை மெல்லிய படலம் தானாகத் துருவைத் தடுக்காது. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவை எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அந்த எண்ணெய்தான் காவல். கறுப்பு நிறத்தை மட்டும் பார்த்துச் சாமானை மதிப்பிடுகிறவர் பாதி விஷயத்தைத்தான் பார்க்கிறார்.

இப்போது ஒரு பட்டறையின் கதையைச் சொல்கிறேன். நம் வட்டாரத்தில் உள்ளதுதான், பெயர் வேண்டாம். பதினொரு பேர் வேலை செய்யும் இடம். அங்கே கறுப்பேற்றி அனுப்பிய சாமான்கள் இரண்டு முறை திரும்பி வந்தன. அனுப்பும்போது மயிலிறகின் நடுக்கண் போலப் பளபளத்தவை, நான்கைந்து நாட்களில் மரையின் வாயில் வெள்ளைப் பொடி பூத்து, அதன்மேல் செந்துரு படர்ந்து நின்றன. மூன்றாம் முறையும் திரும்பினால் வேலையை வேறிடம் கொடுத்துவிடுவதாக வாங்குவோர் எழுதிவிட்டனர். பட்டறைக்காரர் உப்பு மட்டம் என்று முடிவு செய்து, வேறு வியாபாரியிடம் வாங்கினார். பிறகு அதையும் மாற்றினார். புதிய உப்புக்குப் பணம் சென்றதே தவிரப் பூ நிற்கவில்லை.

நான் கல்லூரியில் இரசாயனம் படித்தவன் என்பது அவருக்குத் தெரியும். என்னை அழைத்தார். வெள்ளைக் காகிதத்தில் மஞ்சளைக் குழைத்துத் தடவிக் காயவைத்து, அதை நனைத்து அந்த வெள்ளைப் பொடியின்மேல் ஒற்றினோம். காகிதம் ஆரத்தி நீர் போலச் சிவந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த செய்தி. காரத்தன்மையுள்ள எந்தப் பொருளும் அவ்வாறே செய்யும். ஆகவே அந்தப் பூ, தொட்டியிலிருந்த எரிசோடாவின் மிச்சமே. சாமான்களில் ஒரு பக்கம் அடைபட்ட துளைகள் இருந்தன. துளைக்குள் தங்கிய உப்புக் கரைசல் கழுவும்போது வெளியேறவில்லை. பிறகு நாள்தோறும் சிறிது சிறிதாகக் கசிந்து, காற்றின் ஈரத்தை இழுத்து, மேலிருந்த எண்ணெயைக் கெடுத்து, துருவுக்கு வழி திறந்தது.

உப்பில் குற்றமில்லை; கழுவுவதில்தான் குற்றம். அவர்கள் ஒரே தொட்டி நீரில் காலை முதல் மாலை வரை கழுவினார்கள். பிற்பகலில் அந்த நீரே காரக் கரைசலாகிவிட்டது. மஞ்சள் காகிதத்தை அதில் இட்டபோது கணத்தில் சிவந்தது. பரிகாரமாக மூன்று காரியங்கள் செய்யப்பட்டன. கழுவுவதற்கு இரண்டு தொட்டிகள் வைத்து, இரண்டாவதில் மெல்லிய தாரையாகப் புதுநீர் விடப்பட்டது. துளையுள்ள சாமான்களைத் துளைவாய் கீழ்நோக்கி இருக்குமாறு கூடையில் அடுக்கி, நீருக்குள் பலமுறை தூக்கித் தாழ்த்தினார்கள். கடைசியாகக் கொதிநீரில் சிறிது நேரம் வைத்து, சூட்டோடு எடுத்து, நீரை வெளியே தள்ளும் தன்மையுள்ள எண்ணெயில் தோய்த்தார்கள். கடையில் 'டிவாட்டரிங் ஆயில்' என்று கேட்டால் கொடுப்பார்கள். சாதாரண எஞ்சின் எண்ணெய் ஈரத்தின்மேல் மிதந்து நிற்கும். ஈரம் அடியிலேயே இருந்துவிடும். அதன்பின் அனுப்பிய சாமான்கள் திரும்பவில்லை. பதினொரு பேரும் இன்றும் அங்கேதான் வேலை செய்கின்றனர்.

மஞ்சள் காகிதச் சோதனையில் ஓர் எச்சரிக்கை உண்டு. சில ஆழ்குழாய்க் கிணறுகளின் நீரே சற்றுக் காரமாக இருக்கும். ஆகவே அந்தக் கிணற்று நீரில் ஒரு காகிதத்தை முதலில் நனைத்து வைத்துக்கொண்டு, அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

அடுத்து, தொட்டியின் கொதிநிலை. இத்தொழிலில் மிகுதியான தவறுகள் இங்கேதான் நேர்கின்றன. தங்களில் கரும்பு பயிரிடுவோருக்கு இதை விளக்குவது எளிது. கருப்பஞ்சாற்றைக் கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சும்போது முதலில் வெறும் நீரைப் போல ஏறக்குறைய 100 டிகிரியில் கொதிக்கிறது. நீர் ஆவியாகிச் சாறு இறுக இறுக, கொதிக்கும் சூடும் ஏறுகிறது. வெல்லப் பதம் வரும்போது 118 டிகிரியை ஒட்டி நிற்கிறது. பதம் பார்ப்பவர் உண்மையில் அப்பாகில் எவ்வளவு நீர் மிஞ்சியுள்ளது என்பதையே பார்க்கிறார். கறுப்புத் தொட்டியும் அவ்வாறே. எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்பது, கரைசலில் உப்புக்கும் நீருக்கும் உள்ள விகிதத்தைத் தெரிவிக்கும்.

ஆகவே கொதியை மட்டும் பார்த்தாலும் போதாது, வெப்பமானியை மட்டும் பார்த்தாலும் போதாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தல் அவசியம். கரைசல் 130 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்தால் நீர் மிகுந்துவிட்டது. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் சூடு ஏறாது, ஆவிதான் மிகும். சாமான்கள் வெளிறிய சாம்பல் நிறமாகவோ திட்டுத்திட்டாகவோ வெளிவரும். நீர் வற்றும்வரை காய்ச்ச வேண்டும். அல்லது தொட்டியை ஆறவிட்டு உப்புச் சேர்க்க வேண்டும். 140 டிகிரியைக் காட்டியும் கொதி காணாவிட்டால் நீர் குறைந்துவிட்டது. அதைக் கவனியாமல் அடுப்பை மேலும் எரித்தால் சூடு 150 டிகிரியை நோக்கி ஓடும்; சாமான்கள் செங்கல் நிறமாகவோ பழுப்பாகவோ மாறும். கறுப்பு வரவில்லையே என்று சிலர் மேலும் உப்பைக் கொட்டுகிறார்கள். அது நோய்க்கு எதிரான மருந்தாகாமல், நோயையே வளர்ப்பதாகும். அங்கே வேண்டியது நீர்.

வெப்பமானியை நம்புவதற்கு முன் அதையும் சோதித்தல் நலம். ஒரு பாத்திரத்தில் வெறும் நீரைக் கொதிக்க வைத்து அதில் இட்டால் சமவெளியில் 100 டிகிரியை ஒட்டிக் காட்டவேண்டும். ஐந்தாறு டிகிரி பிழைபட்ட வெப்பமானி ஒன்று, ஒரு மாத உழைப்பைப் பாழாக்கிவிடும்.

சூடு சரியாக இருந்தும் பழுப்பு நீங்காவிட்டால் தொட்டியின் அடியைப் பார்க்க வேண்டும். நாட்பட்ட தொட்டியில் இரும்பு கரைந்து செஞ்சேறாகத் தங்கும். அது கலங்கிச் சாமான்மேல் படியும். ஆறிய நிலையில் அச்சேற்றை அகற்ற வேண்டும். வார்ப்பிரும்புச் சாமான்களிலும் சிலவகைக் கலப்பு எஃகிலும் செம்மை எளிதில் தோன்றும். அவற்றைத் தனியாகப் போட்டு, சூட்டைச் சற்றுத் தாழ்த்தி முயல்வது வழக்கம். துருப்பிடிக்காத எஃகு இத்தொட்டியில் கறுக்காது. அதற்கு முறையே வேறு.

திட்டுத்திட்டாகக் கறுப்பதற்குப் பெரும்பாலும் முன்வேலையே காரணம். லேத்தில் கடையும்போது பூசிய எண்ணெய், கைவியர்வை, துரு இவற்றில் எது ஒட்டியிருந்தாலும் அவ்விடத்தில் கரைசல் சரிவர வேலை செய்யாது. சுத்தம் வந்ததா என்று அறிய விலை கொடுத்துக் கருவி வாங்க வேண்டியதில்லை. கழுவிய சாமானை நீரில் முக்கித் தூக்கிப் பாருங்கள். நீர் ஒரே சீராகப் படலமாய் நின்றால் சுத்தம். தாமரை இலையில் நீர் போல முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இருக்கிறது. மீண்டும் சோடாக் கரைசலில் கழுவ வேண்டும்.

துருவைப் போக்க அமிலத்தில் இடுவதுண்டு. நெடுநேரம் விட்டுவிட்டால் இரும்பு அரிக்கப்பட்டு, அதிலுள்ள கரி மேலே கரும்பொடியாய்த் தங்கும். அதன்மேல் ஏறும் கறுப்பு, வெள்ளைத் துணியால் தேய்த்தவுடன் துணியோடு வந்துவிடும். பதம் ஏற்றிக் கடினமாக்கிய போல்ட்டுகளையும் ஸ்பிரிங்குகளையும் அமிலத்தில் இடுவதை இயன்றவரை தவிர்க்க வேண்டும். அமிலத்தில் பிறக்கும் ஹைட்ரஜன் எஃகினுள் புகுந்து, பின்னொரு நாள் சுமை ஏறும்போது அதைக் கண்ணாடி போல ஒடியச் செய்யும். டிராக்டரின் அடியில் ஒடியும் ஒரு போல்ட்டுக்கு என்ன விலை என்பதை உழவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி அபாயங்களைப் பற்றி. இங்கே சற்று நீளமாகவே பேசுவேன், பொறுத்தருள வேண்டும்.

காயும் எண்ணெய்ச் சட்டியில் ஒரு சொட்டு நீர் விழுந்தால் எவ்வாறு வெடித்துத் தெறிக்கும் என்பதை அறிவீர்கள். கறுப்புத் தொட்டி 140 டிகிரி சூட்டில் உள்ள எரிசோடா. அதில் வாளி நீரைச் சாய்த்தால் தெறிப்பது எண்ணெயன்று; தோலையும் கண்ணையும் கரைக்கும் காரம். நீர் சேர்ப்பதாயின் தொட்டி 100 டிகிரிக்குக் கீழே ஆறிய பின் சேர்ப்பதே பத்திரம். வேலை நடக்கும்போது சேர்த்தே தீரவேண்டுமானால், ஆள் எட்ட நின்று குழாய் திறக்கும்படி, ஓரமாக நூல் போன்ற தாரையில் விடும் அமைப்பு இருக்க வேண்டும். ஈரச் சாமான்களை அவசரமாக அமிழ்த்துவதும் அதே அபாயத்தைத் தரும். இரவில் ஆறிய தொட்டியின் மேலே உப்பு ஆடையாக இறுகியிருக்கும். அதை உடையாமல் அடியில் தீயிட்டால், கீழே கொதித்த கரைசல் ஆடையைப் பிளந்து பீறிடும்.

அலுமினியமும் துத்தநாகம் பூசிய சாமானும் தொட்டிக்குள் போகவே கூடாது. காரம் அவற்றைக் கரைத்து, தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும், கரைசலும் கெடும். கூடை கட்ட ஜி.ஐ. கம்பியை உபயோகிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. உடனே நிறுத்த வேண்டிய வழக்கம் அது.

முகத்தை முழுதும் மூடும் காப்பு, முழங்கை வரையிலான ரப்பர்க் கையுறை, ரப்பர் முன்றானை, மூடிய காலணி இவையின்றி எவரும் தொட்டியண்டை நிற்கலாகாது. வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு அதுவே போதும் என்கிற இளைஞர்களைக் கண்டிருக்கிறேன். காரம் பட்டால் உடனே ஓடும் நீரில் கழுவத் தொடங்கி, குறைந்தது பதினைந்து நிமிடம் நிறுத்தாமல் கழுவ வேண்டும். கண்ணில் பட்டதாயின் இமையை விரித்துப் பிடித்துக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். காரத்தை முறிக்கிறேன் என்று எலுமிச்சைச் சாற்றையோ காடியையோ ஊற்றுவது தவறு. ஆகவே தொட்டிக்கு எட்டிய தூரத்தில் எப்போதும் நீருள்ள குழாய் ஒன்று வேண்டும். மின்சாரம் நின்றால் நீரும் நின்றுபோகும் குழாயை நம்புதல் ஆகாது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வருவதாக இருக்கட்டும்.

சோடியம் நைட்ரைட்டு பார்வைக்குச் சமையல் உப்பைப் போலவே இருக்கும். சிறிது உட்கொண்டாலும் உயிருக்கு ஆபத்து. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை அது அழிக்கிறது. பட்டறையில் சாப்பாட்டுப் பாத்திரம் வைக்கும் அலமாரியில் அந்த மூட்டை இருத்தல் கூடாது. பெயர் எழுதிய, பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். அமிலத்தின் அருகிலும் வேண்டாம். நைட்ரைட்டும் அமிலமும் சேர்ந்தால் பழுப்பு நிற நச்சுப்புகை எழும். கறுப்புத் தொட்டியின் கழிவையும் அமிலத் தொட்டியின் கழிவையும் ஒரே குழியில் ஊற்றினாலும் அதுவே நிகழும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று முறித்துவிடும் என்று எண்ணி இவ்வாறு செய்வோர் உண்டு. அந்தக் குழியருகே மூச்சுவிடுகிறவர் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ஊராட்சிப் பணியில் உள்ளோர் தனியே கவனிக்க வேண்டியது இக்கழிவைத்தான். நைட்ரேட்டு மண்ணில் தங்காது; நீரோடு இறங்கிக் கிணற்றைச் சேரும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட்டு இருத்தல் ஆகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேற்பட்ட நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுக்களுக்கு உடல் நீலம் பாரிக்கும் நோய் வரக்கூடும். நீரைக் காய்ச்சினால் நைட்ரேட்டு போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். வயலுக்கு இடும் தழைச்சத்து உரத்தாலும் கிணற்றில் நைட்ரேட்டு சேர்கிறது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பட்டறையின்மேல் மட்டும் பழியைச் சுமத்தலாகாது. எனினும் ஒரு தொட்டிக் கரைசலை ஒரே இரவில் வாய்க்காலில் கவிழ்ப்பது வேறு விஷயம்.

1974 ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி இத்தகைய பட்டறைகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவைப் பெறல் வேண்டும். உபயோகித்துத் தீர்ந்த கரைசலும் அடிச்சேறும் 2016 ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்கு உட்பட்டவை. அனுமதி பெற்றவரிடமே அவற்றை ஒப்படைக்க வேண்டும். வாரியம் தனியே காலநீட்டிப்புத் தந்தாலொழிய 90 நாட்களுக்கு மேல் பட்டறையில் வைத்திருத்தல் ஆகாது. புதிய பட்டறைக்கு மனு வரும்போது, தொட்டி எங்கே, கழிவு எங்கே, பக்கத்துக் கிணறு எவ்வளவு தூரம் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். வருஷத்துக்கு ஒரு முறை அண்டைக் கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். பட்டறைக்காரரை விரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டு கழுவும் தொட்டிகளை வரிசையாக வைத்து, புதுநீரை இரண்டாவதில் விட்டு, அதன் வழிநீரை முதலாவதில் விழச் செய்தால் நீர்ச்செலவும் குறையும், கழிவும் குறையும். முதல் தொட்டியின் நீரையே, ஆறிய கறுப்புத் தொட்டியில் வற்றிய அளவுக்கு நிரப்பவும் கூடும். உப்பு வீணாகாமல் திரும்புவதால் அவருக்கும் இலாபம்.

சாமான் வாங்கும் உழவர்களுக்கு ஒரு வார்த்தை. கறுப்பேற்றிய போல்ட்டும் ஸ்பேனரும் எண்ணெய்ப் பசை உள்ள இடத்துக்கு ஏற்றவை. மழையில் நனையும் பந்தலுக்கும், மாட்டுக் கொட்டகைக்கும், உரம் தெளிக்கும் கருவிக்கும் துத்தநாகம் பூசியவையே உத்தமம். உர உப்பு பட்டால் கறுப்புப் படலம் நெடுநாள் தாங்காது. கலப்பையைக் கழற்றி வைக்கும்போது கறுப்புப் போல்ட்டுகளைத் துடைத்து ஒரு துளி எண்ணெய் விடுங்கள்.

கூட்டம் முடிந்ததும் பின்தாழ்வாரத்தில் இரண்டு வாளி நீரும், மஞ்சள் தடவிய காகிதமும், சரியாகக் கழுவியதும் கழுவாததுமான சில நட்டுகளும் வைக்கப்பட்டிருக்கும். நான் சொன்ன பட்டறையின் தொழிலாளர் இருவர் வந்திருக்கிறார்கள். சோதனையை அவர்களே செய்து காட்டுவார்கள். கிணற்று நீரைச் சீசாவில் கொண்டுவந்தோர் ஊரின் பெயரையும் கிணற்றின் அடையாளத்தையும் எழுதி எழுத்தரிடம் கொடுத்துவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.